நம்ம கோயில் மலரில் ரஷ்யக்காரன் வேதம் எதற்கு?

இது நீளமான பதிவு, மன்னிச்சுக்குங்க. புலனக் குழுவில் ரெண்டு வரியில் சொல்லிப் பார்த்தோம், சண்டைதான் வந்தது. அதனால நாங்க சில தொண்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து, தெரிஞ்சதை முழுசா எழுதுறோம். தேத்தண்ணி கலக்கி வெச்சுக்கிட்டுப் படிங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு: போன மாதம் நம்ம கோயில் குழுவில் ஒரு செய்தி வந்தது. "ரஷ்யாவில் 40,000 ஆண்டு பழமையான வேதம் கண்டுபிடிப்பு! ரஷ்யர்கள் எல்லாம் ஆதியில் இந்துக்களே! ரிஷிகள் வாழ்ந்ததால் ரஷ்யா, மோட்சம் கிடைத்ததால் மாஸ்கோ!" கீழே தாடி வெச்ச வெள்ளைக்காரங்க நெருப்பைச் சுத்தி நிக்கிற படம். நாற்பது பேர் கும்பிடு போட்டாங்க. சரி, வழக்கமா வர்றதுதானேன்னு நாங்களும் விட்டுட்டோம். (அந்தக் கணக்குப்படி பார்த்தா ராசாவும் ரஷ்யாவும் ஒண்ணுதான்னு ஒரு அண்ணன் போட்டார். அவர் கிண்டலுக்குச் சொன்னது. ரெண்டு பேர் அதையும் நம்பிட்டாங்க.)

ஆனா அதே செய்தி இப்போ ஆடித் திருவிழா மலரில் கட்டுரையா வரப்போகுது, சமய வகுப்புப் பிள்ளைங்களுக்கு அதை வெச்சு ஒரு உரையும் இருக்குன்னு தெரிஞ்சப்பத்தான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுக்கு மேலே இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குப் பரிமாற வர்ற நம்ம பையன் ஒருத்தன், படிவம் நான்கு படிக்கிறவன், கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தான். நெஞ்சில் எட்டுக் கை வெச்ச சக்கரம். "இது சூரிய சக்கரம்ணே, ஆரியர்களோட ஸ்வஸ்திகா, நம்மளுதுதான்" என்கிறான். இணையத்தில் வாங்கினானாம். அந்தச் சக்கரம் எங்கேயிருந்து வந்ததுன்னு அவனுக்குத் தெரியாது. அவன் மேல தப்பில்லை. அதை நாங்க சொல்லித் தரலை, அதுதான் தப்பு.

முதல்ல அந்த "வேதம்" நம்மளைப் பத்தி என்ன சொல்லுதுன்னு சொல்லிடுறோம். கும்பிடு போட்ட நாற்பது பேரும் இதைப் படிக்கணும்.

அந்தப் புத்தகத்தோட பேர் "ஸ்லாவிய-ஆரிய வேதங்கள்". அதில் நம்ம தேசத்துக்கு "திராவிடியா"ன்னு பேர். அங்கே யார் இருக்காங்க? இருட்டு நிறத் தோல் உள்ள மனுசங்க. அவங்க யாரைக் கும்பிடுறாங்க? கறுப்புத் தாயை. காளி மா என்றே பேர் சொல்லி எழுதியிருக்காங்க. நரபலி கொடுக்கிற இருட்டு மதமாம் அது. வடக்கேயிருந்து வெள்ளை ஆரியர்கள் படையெடுத்து வந்து, அந்தக் காளி வழிபாட்டை அடக்கி, கறுப்பர்களுக்கு ஞானத்தைப் பிச்சை போட்டாங்களாம். நம்மகிட்ட இருக்கிற வேதம் அப்படி அவங்க போட்ட மிச்சமாம்.

நம்ம கோயில் எந்தக் கோயில்? பால்மரத் தோட்டத்தில் லயத்துக்கு ஓரமா, கல்லு நட்டு, தகரக் கொட்டகை போட்டு, மாரியம்மனையும் காளியம்மனையும் வெச்சுக் கும்பிட்ட கோயில். அதைக் கட்டினவங்க யாரு? இருட்டு நிறத் தோல் உள்ள மனுசங்க. விடியக்காலையில் பால் வெட்டப் போன நம்ம பாட்டன் பாட்டி. அவங்க கட்டின கோயில் மலரில், அவங்க அம்மனைப் பேய்ன்னு சொல்ற புத்தகத்துக்குப் பாராட்டுக் கட்டுரை. இதைத்தான் நாங்க வேண்டாம்னு சொன்னோம். உடனே "நீங்க சனாதனத்துக்கு விரோதிகளா"ன்னு கேட்டாங்க.

கேட்டவங்களுக்குப் பதில் சொல்றதுக்காகத்தான் இந்த வேதத்தை எழுதினது யாரு, எப்போன்னு தேடிப் பார்த்தோம். கிடைச்சதை வரிசையா சொல்றோம்.

ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செர்பியர் இவங்களையெல்லாம் சேர்த்து ஸ்லாவ் இனத்தார் என்கிறாங்க. கிறிஸ்துவத்துக்கு முன்னாடி அவங்களுக்கும் தெய்வங்கள் இருந்தது உண்மை. இடி தெய்வம் பெருன், சூரியனோட சேர்ந்த தாஷ்பொக், பெண் தெய்வம் மோகோஷ். 980 வாக்கில் கீவ் நகர அரசன் விளாதிமிர் குன்று மேல இவங்களுக்குச் சிலை வெச்சான். 988-இல் அதே அரசன் ஞானஸ்நானம் வாங்கிட்டு, பெருன் சிலையைக் குதிரை வாலில் கட்டி இழுத்து, தடியால அடிச்சு, தினிப்பர் ஆத்தில் தள்ளச் சொன்னான். ஜனங்க அழுதாங்கன்னு பாதிரிமாரோட பழைய வரலாற்று ஏடே சொல்லுது. படிக்கும்போது எங்களுக்கும் வயிறு எரிஞ்சது. தெய்வத்தை இழந்தவன் வலி நமக்குப் புரியாதா? தோட்டத்தை வித்த பிறகு கோயில் இடிபடுறதைப் பார்த்த சனம் நாம.

ஆனா அந்தப் பழைய ஸ்லாவ் மக்கள் தங்கள் தெய்வத்தைப் பத்தி எழுதி வெச்ச ஒரு நூல்கூட மிஞ்சலை. மந்திரம் இல்லை, பதிகம் இல்லை. நமக்குத் திருமுறை இருக்கு, ஓதுவார் வாய்வழி வந்த பண் இருக்கு, இடைவிடாத பூசை இருக்கு. அவங்களுக்குக் கிடைச்சதெல்லாம் எதிராளி எழுதின குறிப்பும், கிராமத்துத் திருவிழாக்களில் ஒட்டிக்கிட்டிருந்த சடங்குகளும், தொல்லியல் துறை தோண்டி எடுத்ததும்தான். அந்த வெறுமையில் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் எழுதிச் சொருகலாம். சொருகினாங்க.

ஆரம்பத்தில் சொருகினவங்க ஏதோ ஆசையில் செய்தாங்க. 1818-இல் போலந்துக்காரர் சொரியான் தொவெங்கா ஹொதகோவ்ஸ்கி, கிறிஸ்துவத்துக்கு முந்தின ஸ்லாவ் வாழ்க்கையைப் பத்தி எழுதி, ஊர் ஊராப் போய் நாட்டுப்பாட்டு சேகரிச்சார். அப்போ போலந்து மூணு வல்லரசுகளால துண்டு போடப்பட்ட நாடு. அடிமைப்பட்டவன் பழம்பெருமை தேடுறது இயல்பு. அதுவரைக்கும் சரி.

இருபதாம் நூற்றாண்டில்தான் அது இனப் பேச்சா மாறுது. 1937-இல் வார்சாவில் யான் ஸ்தாக்னியூக் "சாத்ருகா" என்ற பத்திரிகையும் குழுவும் தொடங்கினார். கிறிஸ்துவம் போலந்து ரத்தத்தைக் கெடுத்துடுச்சு, பழைய ஸ்லாவ் வீரத்துக்குத் திரும்பணும் என்பது அவர் கட்சி. 1934-இல் உக்ரைனியர் வொலோதிமிர் ஷயான் கார்ப்பாத்திய மலையில் தனக்கு ஒரு தரிசனம் கிடைச்சதாச் சொன்னார். கிழக்கத்திய மொழிகள் படிச்சவர் அவர். நம்ம ரிக் வேதத்தைப் பார்த்து, "ஆரியர்களின் மறுமலர்ச்சி"ன்னு பேச ஆரம்பிச்சார். அவரோட சீடராயிருந்து பிரிஞ்ச லேவ் சிலென்கோ 1966-இல் அமெரிக்காவில், சிகாகோவில், "ருன்வீரா"ன்னு ஒரு சபை தொடங்கினார். அவர் எழுதின புனித நூலுக்குப் பேர் என்ன தெரியுமா? "மகா வீரா". 1979-இல் வெளியானது. நம்ம சொல்லைப் போலவே ஒலிக்குது. ஆனா அவங்க மொழியில் வீரா என்றா நம்பிக்கை. அதுக்குள்ளே இருக்கிறது உக்ரைன்தான் ஆரியர்களோட தாய்நாடு என்ற கதை.

இப்படி உருவான வழிக்குப் பொதுப் பேர் "ரோத்னோவெரியே". ரோத் என்றா குலம், வெரா என்றா நம்பிக்கை. குலநம்பிக்கை. நம்ம குலதெய்வம் மாதிரி இருக்கேன்னு தோணும். வித்தியாசம் இருக்கு. நம்ம குலதெய்வத்தை இன்னொரு குலத்தான் வந்து கும்பிட்டா நாம விரட்டுறதில்லை, விபூதி கொடுத்துச் சோறு போடுறோம்.

அடுத்தது "வெலெஸ் நூல்" என்ற பெரிய பித்தலாட்டம். கதை இப்படி: 1919-இல் உள்நாட்டுப் போர் நேரத்தில் இசென்பெக் என்ற ராணுவ அதிகாரிக்கு ஒரு பாழடைந்த மாளிகையில் எழுத்து செதுக்கின மரப்பலகைகள் கிடைச்சதாம். அவர் பெல்ஜியத்துக்கு ஓடிவந்த பிறகு, மிரோலூபொவ் என்ற எழுத்தாளர் அதைப் படி எடுத்தாராம். 1941-இல் இசென்பெக் செத்துட்டார், பலகைகள் காணாமப் போச்சாம். 1950-களில் சான் பிரான்சிஸ்கோவில் ரஷ்ய அகதிகளோட பத்திரிகையில் அது அச்சாச்சு. பலகையைப் பார்த்தேன்னு சொன்னவர் மிரோலூபொவ், படி எடுத்தவரும் மிரோலூபொவ். ஒரே ஒரு பலகையோட புகைப்படம்னு ஒண்ணு இருந்தது. 1960-இல் சோவியத் மொழியியலாளர் ஷுகோவ்ஸ்கயா அதைச் சோதிச்சு, போலின்னு எழுதினார். ஏன்? பத்தாம் நூற்றாண்டு மொழியில் இருக்கவே முடியாத சொல் வடிவங்கள், பிற்காலத்துப் பல ஸ்லாவ் மொழிகளோட கலவை. சங்கத் தமிழ் ஏடுன்னு சொல்லிட்டு உள்ளே மணிப்பிரவாளமும் மலாயாத் தமிழும் கலந்திருந்தா நம்ம தமிழ் வாத்தியார் எப்படிச் சிரிப்பார்? அந்த மாதிரிதான். மிரோலூபொவே எழுதினதுன்னுதான் அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்றாங்க. ஆனா இன்னைக்கும் அது புனித நூல்னு விக்குது.

சோவியத் காலக் கடைசியில் விஷம் முழுசா ஏறுது. வலேரி யெமெல்யானொவ், அரபு படிச்ச மாஸ்கோ விரிவுரையாளர், யூதர்கள்தான் உலகத்தின் எல்லாத் தீமைக்கும் காரணம், கிறிஸ்துவமே ஆரியரை அடிமையாக்க யூதர் செய்த சதின்னு புத்தகம் எழுதினார். 1979-இல் டமாஸ்கஸில் வெளியானது. லெனின்கிராடில் விக்தர் பெஸ்வெர்ஹி 1986-இல் "மந்திரவாதிகள் சபை"ன்னு ஒண்ணு தொடங்கினார். தன் கொள்கைக்கு அவர் வெச்ச பேர் "வேதிசம்". கவனிங்க, வேதிசம்! அதே ஆள் ஹிட்லரோட "மைன் காம்ஃப்" புத்தகத்தை விநியோகிச்சு, அதுக்காக அவர் மேல வழக்கு வந்தது. வேதம் என்ற சொல்லும் ஹிட்லர் புத்தகமும் ஒரே மேசையில். இதைச் சனாதனத்தின் வெற்றின்னு நாம மலரில் போடணுமா?

அந்தப் பையன் சட்டையில் இருந்த எட்டுக்கைச் சக்கரத்துக்குப் பேர் "கோலோவ்ரத்". ஆயிரம் வருஷப் பழசுன்னு விக்கிறான். 1923-இல் போலந்து ஓவியர் ஸ்தானிஸ்லாவ் யாகுபொவ்ஸ்கி வரைஞ்ச ஒரு படத்தில் அது இருக்கு, அதுக்கு அவர் வெச்ச பேர் "சின்னச் சூரியன்". அதை 1990-களில் இயக்கச் சின்னமா ஆக்கினவர் அலெக்ஸேய் தொப்ரொவோல்ஸ்கி. "தொப்ரொஸ்லாவ்"ன்னு பேர் மாத்திக்கிட்டுக் காட்டுக் கிராமத்தில் குடியேறினவர், யூத வெறுப்பை வெளிப்படையாப் பேசினவர். ஹிட்லரோட சின்னத்தைப் போட்டா போலீஸ் பிடிக்கும், ரெண்டு மடங்கு கையை வெச்சா "பண்டைய சூரியன்"ன்னு தப்பிச்சுக்கலாம். அந்தச் சக்கரத்தின் சூட்சுமம் பலருக்கு இவ்வளவுதான்.

இப்போ நம்ம 40,000 வருஷ வேதம். அதை வெளியிட்டவர் அலெக்சாந்தர் ஹினேவிச். சைபீரியாவில் ஓம்ஸ்க் என்ற ஊர்க்காரர். சோவியத் உடைஞ்சதும் 1990-களில் "இங்லிங்" சபைன்னு ஒண்ணு நடத்தினார். தங்கத் தகடுகளில் எழுதினதாம் அந்த வேதம். தகடு எங்கேன்னு கேட்டா, மத்தவங்களுக்குக் காட்டக்கூடாதாம். ஆதி வெள்ளையர் விண்கலத்தில் வந்தாங்களாம், கண் நிறத்தை வெச்சு நாலு குலமாம், வேற நிறத்தாரோட கலந்தா ரத்தம் கெட்டுப் போயிடுமாம். 2004-இல் ஓம்ஸ்க் நீதிமன்றம் சபையைக் கலைச்சது. 2009-இல் இன வெறுப்பைத் தூண்டினதுக்காக ஹினேவிச்சுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைச்சது. 2015-இல் அந்த "வேதங்கள்" தீவிரவாத நூல்னு ரஷ்ய நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிருச்சு. ரஷ்யாவிலேயே தடை. நம்ம ராசாவில் கலர் பேப்பரில் அச்சுப் போடப் போறோம்!

இங்கே ஒரு அண்ணன் நியாயமாவே கேட்டார்: "அப்போ சம்ஸ்கிருதமும் ரஷ்ய மொழியும் ஒரே மாதிரி இருக்கே, அது பொய்யா?" பொய்யில்லை. அக்னிக்கு ரஷ்யத்தில் ஓகோன். இரண்டுக்கு த்வா. அறிதலுக்கு வேதத். ரெண்டும் ஒரே பெரிய மொழிக் குடும்பம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். தமிழும் தெலுங்கும் சொந்தம் மாதிரி. ஆனா மொழி சொந்தம் என்பது வேற, ரத்தம் உசத்தி என்பது வேற. முதலாவதைக் காட்டி ரெண்டாவதை விக்கிறதுதான் இந்த வியாபாரம்.

"வோல்கா பக்கம் விஷ்ணு சிலை கிடைச்சுதே?" 2007-இல் வந்த செய்தி அது, ஸ்தாராயா மாய்னா என்ற ஊர். வோல்கா பெரிய வணிக ஆறு. சாமான் போகும், சிலையும் போகும். சுவீடனில் ஹெல்கோ தீவில் 1950-களில் ஒரு வெண்கலப் புத்தர் கிடைச்சது, இந்தியாவோட வடமேற்கிலேயிருந்து போனது. வைக்கிங் எல்லாம் பௌத்தர்னு யாரும் சொல்லலை. நியூசிலாந்தில் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வெச்சுக்கிட்டிருந்த ஒரு பாத்திரம், பார்த்தா தமிழ் எழுத்து பொறிச்ச கப்பல் மணி! மவோரிகள் தமிழர் ஆகிட்டாங்களா? பழம்பெருமைதான் வேணும்னா இங்கே கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கு. பஸ் பிடிச்சுப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவோம். அது கையால தொட்டுப் பார்க்கிற கல்லு.

நம்ம பக்கத்துக் கையையும் ஒளிக்காமச் சொல்லிடணும். 1903-இல் திலகர் "வேதங்களில் ஆர்க்டிக் தாயகம்"ன்னு ஒரு நூல் எழுதினார். வேத காலத்து ஆரியர் வடதுருவத்தில் இருந்தாங்க என்பது அவர் ஊகம். வெள்ளைக்காரன் ஆட்சியில் நம்மளும் அவனுக்குக் குறைஞ்சவங்க இல்லைன்னு காட்டப் போனார். நூறு வருஷம் கழிச்சு ரஷ்யாவில் அதை மொழிபெயர்த்து, "பாருங்க, இந்தியாவின் பெரிய தலைவரே ஆரியர் நம்ம வடக்கத்தியர்னு ஒத்துக்கிட்டார்"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. இன்னொருத்தி, பிரான்சில் பிறந்த மாக்ஸிமியானி போர்ட்டாஸ். 1932-இல் இந்தியா வந்து சாவித்திரி தேவின்னு பேர் வெச்சுக்கிட்டு, கல்கத்தாவில் இந்து மிஷனில் வேலை பார்த்தா. சேலை கட்டினா, நம்ம சாமி கும்பிட்டா. 1958-இல் எழுதின புத்தகத்தில் ஹிட்லரை அவதாரம் என்றா! இன்னைக்கும் உலகம் பூரா நாஜிக் கூட்டம் அவளைப் படிக்குது. சேலை கட்டி வந்தவளை எல்லாம் "நம்ம மதத்துக்கு வந்துட்டா"ன்னு பூரிக்கிற நம்ம பழக்கம் இருக்கே, அதுக்கு இது ஒரு பாடம்.

ஹிட்லர் பேர் வந்ததால ஒண்ணு சொல்லணும். 1942-43-இல் சயாம் ரயில் போட, மலாயாத் தோட்டங்களிலேயிருந்து நம்ம ஆளுங்களை ஜப்பான்காரன் கூட்டிக்கிட்டுப் போனான். பல்லாயிரம் தமிழர் வாந்திபேதியில், பட்டினியில், அடி உதையில் அங்கேயே செத்தாங்க. அந்த ஜப்பான் யாரோட கூட்டாளி? ஹிட்லரோட. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாட்டன் திரும்பி வராத வீடு எத்தனைன்னு பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த ரஷ்யக்காரனுக்கும் இதே கேள்விதான். ஸ்லாவ் இனத்தை மனுசனாவே மதிக்காதவன் ஹிட்லர். சோவியத் நாட்டில் அந்தப் போரில் செத்தவங்க ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம். அவங்க பேரன் இன்னைக்கு ஸ்வஸ்திகாவுக்கு நாலு கை கூட்டி வெச்சு, கையில் பச்சை குத்திக்கிறான். தாத்தாவைக் கொன்னவன் சின்னம்டா அதுன்னு யார் சொல்றது?

நம்ம ஸ்வஸ்திகா வேற. பிள்ளையார் சுழி போடுற மாதிரி, புது வீட்டு வாசலில், கணக்குப் புத்தகத்தில், கும்பத்தில் போடுறது. அதை யாருக்காகவும் நாம விட வேண்டியதில்லை. விடக்கூடாதுன்னுதான் இவ்வளவு எழுதுறோம். நம்மளோடதும் அவனோடதும் ஒண்ணுன்னு நம்ம வாயாலேயே சொல்லிட்டா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளையை நிறுத்திக் கேட்கும்போது என்ன பதில் சொல்வோம்?

"அவங்க நெருப்பைச் சுத்தி ஆடிட்டுப் போறாங்க, யாருக்கு என்ன நஷ்டம்"ன்னும் ஒருத்தர் எழுதினார். 2014 பிப்ரவரி 9-ஆம் தேதி, ரஷ்யாவின் சகாலின் தீவில், யூஷ்னோ-சகாலின்ஸ்க் நகரத் தேவாலயத்துக்குள்ளே ஒருத்தன் துப்பாக்கியோட நுழைஞ்சான். ஒரு கன்னியாஸ்திரியும் கும்பிட வந்த ஒருத்தரும் செத்தாங்க. பழைய ஸ்லாவ் நம்பிக்கையில் ஊறினவன் அவன்னு செய்தி வந்தது. கும்பிட வந்த இடத்தில் சுட்டான். எந்தச் சாமி இடமா இருந்தா என்ன, நம்ம அம்மன் சந்நிதியை நினைச்சுப் பாருங்க. 2014-இலேயே கிழக்கு உக்ரைனில் சண்டை போடப் போன "ருசிச்" என்ற ரஷ்யப் படைக்குழு கோலோவ்ரத் சின்னத்தைத்தான் தோளில் ஒட்டிக்கிச்சு. எதிர்ப்பக்கம் உக்ரைனின் அசோவ் படையிலேயும் பெருனைக் கும்பிடுறவங்க இருந்தாங்க. ரெண்டு பக்கமும் அதே பெருன், அதே சூரியன், அதே "சுத்த ஆரிய ரத்தம்". ரத்தம் ஒண்ணுன்னு சொன்னவங்கதான் ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தர் சிந்தினாங்க.

எல்லா ரோத்னோவெரிக்காரரும் இப்படின்னு நாங்க சொல்லலை. சொன்னா பாவம். ஆத்தங்கரையில் தீ மூட்டி, மாலை மிதக்க விட்டு, முன்னோரை நினைச்சுட்டு வீட்டுக்குப் போற குடும்பங்களும் இருக்கு. 2002-இல் மாஸ்கோவில் பிட்ஸா பூங்காவில் கூடின சில குழுக்கள் இனவெறியை வெளிப்படையாக் கண்டிச்சு அறிக்கை விட்டாங்க. 2009-இல் அவங்களோட ரெண்டு பெரிய அமைப்புகள் சேர்ந்து, ஹினேவிச் போன்றவங்க சொல்றது எங்க சமயமே இல்லை, போலி வரலாறுன்னு எழுதிக் கொடுத்தாங்க. பாருங்க வேடிக்கையை. பெருனைக் கும்பிடுறவனே அந்த வேதம் போலின்னு சொல்றான். மாரியம்மனைக் கும்பிடுற நாம நிஜம்னு சொல்றோம்.

எங்களுக்கு வேற கட்சிப் புத்தி இருக்குன்னு நினைக்கிறவங்களுக்காக, நம்ம வீட்டு அழுக்கையும் சொல்றோம். குமரிக்கண்டம், லெமூரியான்னு புலனத்தில் வாரம் ஒரு தடவை வருதில்லையா? "லெமூரியா" என்ற பேரை 1864-இல் வெச்சவர் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்கினம் மடகாஸ்கர் வரைக்கும் எப்படிப் பரவினதுன்னு விளக்க. அதை எடுத்து மனுச இனங்களோட கதையா மாத்தினவர் பிளாவட்ஸ்கி அம்மையார். 1831-இல் இன்னைய உக்ரைனில் பிறந்தவர். 1882-இல் அவரோட பிரம்மஞான சபை நம்ம சென்னை அடையாறில் குடியேறிச்சு. 1888-இல் அவர் எழுதின நூலில் இனங்களுக்கு வரிசை போட்டார்: வடதுருவத்து ஹைப்பர்போரியர், லெமூரியர், அட்லாண்டியர், அப்புறம் ஆரியர். ஹைப்பர்போரியாவை ரஷ்யாக்காரன் எடுத்துக்கிட்டான், லெமூரியாவை நம்மாளு எடுத்துக்கிட்டான். பழைய நூல்களில் கடல்கோள் பத்தி இருக்கு, அது வேற சேதி. ஆனா "உலகத்தின் முதல் மனுசன் தமிழன், மத்தவனெல்லாம் கலப்பு" என்ற பேச்சும், அந்த ஓம்ஸ்க்காரன் பேச்சும் ஒரே கடையில் வாங்கின துணிதான்.

அது வெறும் பேச்சோட நிக்கலை என்பதுதான் எங்க வருத்தம். அந்த ரஷ்யச் செய்திக்கு அடியிலேயே ஒருத்தர் எழுதினார், "நம்ம கோயிலிலும் சுத்தத் தமிழர்தான் பொறுப்பில் இருக்கணும்". யாரும் மறுக்கலை. நாங்களும் அன்னைக்கு மறுக்கலை, அதுக்கு வெட்கப்படுறோம். நம்ம வெள்ளிக்கிழமை உபயத்தைத் தலைமுறையா செய்யிற ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கு. அவங்க தாத்தாவும் நம்ம தாத்தாவும் ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே தொட்டியில் தண்ணி பிடிச்சவங்க. கொட்டகைக்குத் தூண் நட்டப்போ தமிழன் கை, தெலுங்கன் கை, மலையாளி கைன்னு யாரும் பார்க்கலை. அந்தக் குடும்பம் ரெண்டு வாரமா வரலை. எண்ணெய் மட்டும் யார் மூலமாவோ கொடுத்தனுப்பினாங்க. காரணம் கேட்டோம், "ஒண்ணுமில்ல தம்பி, வேலை"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஒண்ணுமில்லையா?

அப்பர் சுவாமி இறைவனை ஆரியனாவும் தமிழனாவும் ஒரே மூச்சில் பாடினவர். ஆறாம் திருமுறையில் இருக்கு, நம்ம தேவார வகுப்பில் சொல்லித் தர்றதுதான். அவருக்கு அது ரத்தப் பேச்சு இல்லை. ரெண்டும் அவன்தான்னு சொல்லிட்டு அடுத்த அடிக்குப் போயிட்டார். நம்மகிட்ட இவ்வளவு இருக்கும்போது, தடை செஞ்ச புத்தகத்தைக் கடன் வாங்கி நெஞ்சு நிமிர்த்த வேண்டிய அவசியம் என்ன வந்தது? வெள்ளைக்காரன் வந்து "நீயும் ஆரியன்"னு தட்டிக் கொடுத்தால்தான் நம்ம அம்மனுக்குச் சக்தியா?

கமிட்டிக்கு நாங்க எழுதிக் கொடுத்திருக்கிறது மூணு விஷயம். மலரில் அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடுங்க. அந்த இடத்தில் இந்தக் கோயிலைக் கட்டினவங்க பேரைப் போடுங்க, தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாப் பேரும். பழைய கிராணி கணக்குப் புத்தகமும், சந்தா எழுதின நோட்டும் ஒரு பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கு, கரையான் தின்னது போக மிச்சம். நாங்க உட்கார்ந்து படி எடுத்துத் தர்றோம். மூணாவது, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கமிட்டியில் யாராவது ரெண்டு பெரியவங்க அந்தத் தெலுங்கு அம்மா வீட்டுக்கு நேரில் போய்ட்டு வாங்க. புலனத்தில் எமோஜி அனுப்பினாப் போதாது.

கட்டுரை எழுதின அண்ணன் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், பந்தல் போட முதல் ஆளா வர்றவர். அவரையும் கூப்பிட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, பாத்திரம் கழுவினதும், மடப்பள்ளிக்குப் பின்னாடி உட்கார்ந்து பேசலாம். வர்றவங்க வாங்க. அந்தப் பையனும் வருவான். சட்டையைப் பத்தி யாரும் அவனைக் கிண்டல் பண்ணாதீங்க. கோயில் தொண்டர் சட்டை, மஞ்சள் கலர், மீடியம் சைஸ் ஒண்ணு ஸ்டோரில் இருக்கு, அவனுக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம்.